கண்ணுக்குள் எதையும் விடாதீர்கள்

போடிநாயக்கனூரில் கைக்குழந்தைக்குக் கண்ணில் நீர் கோத்தாலோ, பீளை கட்டினாலோ, குழந்தை முகத்தைப் போட்டுத் தேய்த்தாலோ, காரணம் தேடி யாரும் அலைவதில்லை. "சூடு" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அடிவாரத்து முந்தலில் கேட்டாலும், மலையேறிப் போடிமெட்டு தாண்டிப் பூப்பாறையில் கேட்டாலும் பதில் மாறாது. கைவைத்தியமும் மாறாது. "தாய்ப்பாலை ரெண்டு சொட்டு பீய்ச்சி விடு தாயி. உச்சியில வெளக்கெண்ணெய் வையி. குளிப்பாட்டிச் சாம்பிராணி போட்டு மையை நல்லா இழுத்து விடு, எல்லாம் சரியாப் போகும்." இதைச் சொல்லும் அம்மாச்சிக்கும் அப்பத்தாவுக்கும் அந்தக் குழந்தை மேல் இருக்கும் பாசத்தை நான் சந்தேகிக்கவில்லை. அவர்கள் சொல்லும் காரணத்தை மறுக்கிறேன். அந்த வைத்தியத்தில் பாதிக்கு மேல் குழந்தையின் கண்ணுக்குக் கெடுதல் என்றும் சொல்கிறேன்.

எதிர்த்தரப்பின் பெரிய பலம் ஒரு கேள்வி: "நாங்க எல்லாரும் இப்படித்தான வளந்தோம், எங்க கண்ணு என்ன போயிருச்சா?" இதற்குப் பதில் சொல்லாமல் மேலே போக முடியாது. பதில் சொல்ல, கண்ணீர் எந்த வழியாக வடிகிறது என்று பார்க்க வேண்டும்.

கண்ணில் சுரக்கும் நீர், மூக்கையொட்டிய ஓரத்தில் மேலிமையிலும் கீழிமையிலும் இருக்கும் நுண்துளைகள் வழியாக இறங்கி ஒரு சிறு பையில் சேர்கிறது. அங்கிருந்து ஒரு குழாய் அதை மூக்குக்குள் கொண்டு போய் விடுகிறது. அந்தக் குழாயின் அடிமுனையில் ஒரு மெல்லிய சவ்வு உண்டு. பிறப்பதற்குள் அது திறந்துகொள்ள வேண்டும். பல குழந்தைகளுக்குப் பிறந்த பிறகும் மூடியே கிடக்கிறது. முதல் ஓரிரு வாரம் கண்ணீர் அதிகம் சுரக்காது என்பதால் வெளியே எதுவும் தெரியாது. பிறகு சுரப்பு கூடும்போது போக வழியில்லாமல் நீர் தேங்குகிறது. காலையில் இமை ஒட்டிக்கொள்கிறது, ஓரத்தில் மஞ்சளாகப் பீளை சேர்கிறது, கன்னத்தில் ஈரம் கோடாக இறங்குகிறது. ஆனால் வெள்ளை விழி வெள்ளையாகவே இருக்கும். குழந்தை பால் குடிக்கும், சிரிக்கும், தூங்கும். இப்படி அடைப்போடு பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேருக்கு, முதல் பிறந்தநாளுக்குள் அந்தச் சவ்வு தானாகத் திறந்துவிடுகிறது.

அந்த ஒன்பது குழந்தைகளுக்கும் வீட்டில் யாராவது எதையாவது செய்திருப்பார்கள். ஒரு வீட்டில் தாய்ப்பால் விட்டிருப்பார்கள், இன்னொரு வீட்டில் நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிப் பிழிந்திருப்பார்கள், மூன்றாவது வீட்டில் விளக்கெண்ணெய். சவ்வு திறந்தது தன்பாட்டில். பெயர் வாங்கியது பாலும் பூவும் எண்ணெயும். ஒன்றுமே செய்யாத வீட்டுக் குழந்தைக்கும் அதே மாதத்தில் சரியாகியிருக்கும், ஆனால் ஒன்றுமே செய்யாத வீடு என்று ஒன்று இந்தப் பக்கம் இல்லாததால் ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லை. கண் கெட்டுப் போனவர்களோ "நானும் இப்படித்தான் வளர்ந்தேன்" என்று சாட்சி சொல்ல வருவதில்லை. அவர்கள் கதை "அம்மை வந்து போயிருச்சு", "பிறவியிலயே அப்படி" என்று வேறு கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது.

சூடு என்ற விளக்கத்தில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. அது குழந்தையிடம் நிற்பதில்லை, தாயிடம் போகிறது. "மாம்பழம் தின்ன, அதான் புள்ளைக்குக் கண்ணு பொங்குது. முட்டையைத் தொடாத. பப்பாளி பக்கமே போகாத. மீனு வேணாம்." சித்திரை, வைகாசியில் மாம்பழம் மலிந்து கிடக்கும் ஊரில், பிள்ளை பெற்றவள் ரசமும் பூண்டும் சுட்ட அப்பளமுமாகப் பத்தியம் இருக்கிறாள். மாம்பழத்திலும் பப்பாளியிலும் முருங்கைக்கீரையிலும் முட்டை மஞ்சளிலும் ஈரலிலும் என்ன இருக்கிறது? கண்ணின் மேல்தோல் உலராமல் காக்கும் வைட்டமின் ஏ, அல்லது உடல் அதை ஆக்கிக்கொள்ளும் சத்து. தாய்ப்பாலில் எவ்வளவு வைட்டமின் ஏ இருக்கும் என்பது தாய் என்ன சாப்பிடுகிறாள் என்பதைப் பொறுத்தது. அரசு கொடுக்கும் வைட்டமின் ஏ திரவத்தின் முதல் தவணை, ஒரு லட்சம் அலகு, குழந்தைக்கு ஒன்பதாம் மாதத்தில்தான் வருகிறது. அதுவரை குழந்தைக்கு இருக்கும் முக்கிய வழி அம்மாவின் பால். கண்ணைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, கண்ணுக்கு வேண்டியதையே தாயின் தட்டிலிருந்து எடுத்துவிடுகிறோம்.

இந்தச் சத்துக் குறைவால் பார்வை இழந்த குழந்தைகளை மதுரை மறந்திருக்க முடியாது. பின்னாளில் 1976இல் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி, அதற்கு முன்பு அரசு மருத்துவராக இருந்த காலத்திலேயே வைட்டமின் ஏ குறைவால் கண்ணிழக்கும் பிள்ளைகளுக்காக மதுரையில் பாடுபட்டவர். அந்தப் பாடுகளையெல்லாம் பார்த்த மண்ணில், இன்னும் ஒரு மாம்பழத் துண்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம்.

தாய்ப்பாலுக்கு வருகிறேன். அது குழந்தையின் வாய்க்கு நிகரில்லாத உணவு. அதில் நோய் எதிர்ப்புப் புரதங்கள் உண்டு, சீம்பாலில் இன்னும் அதிகம். அதனால் கண்ணில் விட்டாலும் நல்லது என்று நினைக்கத் தோன்றும். படித்தவர்கள்கூட இப்போது அப்படித்தான் வாதிடுகிறார்கள். ஆய்வுக்கூடத்தில் கண் கிருமிகள் மேல் வைத்துப் பார்த்தபோது ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து அளவுக்கு அது கிருமிகளை அடக்கவில்லை. பால் கிருமியற்றதும் அல்ல. மார்பின் தோலிலும் கையிலும் இருக்கும் கிருமிகள் அதோடு சேர்ந்தே வரும். அடைபட்ட குழாயில் தேங்கி நிற்கும் நீரில் இனிப்பான பாலைச் சேர்ப்பது யாருக்கு நன்மை? லேசான பீளைக்கு இதனால் பெரிய தீங்கு வராமல் போகலாம். தீங்கு வேறு இடத்தில் இருக்கிறது: பால் விட்டுவிட்டோம் என்ற நிம்மதியில் நான்கு நாள் போய்விடுகிறது.

சில குழந்தைகளுக்கு அந்த நான்கு நாள் கிடையாது. பிறந்து இரண்டு முதல் ஐந்து நாளுக்குள் இமை வீங்கிச் சீழ் கொட்டினால், அது பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றிய கொனோரியா கிருமியாக இருக்கக்கூடும். அது கருவிழியைத் துளைத்துவிடும். ஐந்து நாளுக்குமேல் இரண்டு வாரத்துக்குள் வருவது கிளமிடியாவாக இருக்கலாம். அது நுரையீரலுக்கும் இறங்கும். இரண்டுக்குமே மருந்து உடம்புக்குள் போக வேண்டும், கண்ணில் ஊற்றும் எதுவும் போதாது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கிரேடே என்ற மகப்பேறு மருத்துவர் 1880களில், நோய் வருமுன் காக்க, பிறந்த குழந்தைகளின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் கரைசல் விடத் தொடங்கினார். பத்தில் ஒரு குழந்தைக்கு வந்துகொண்டிருந்த கொனோரியாக் கண்நோய், நூற்றில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. "பாருங்கள், அவரும் கண்ணில் விட்டாரே" என்று சிலர் கேட்பார்கள். விட்டார்: இந்தக் கிருமி, இந்தக் கரைசல், இந்த அளவு, பிறந்த உடனே ஒரு முறை என்று கணக்குப் பார்த்து விட்டார். கையில் கிடைத்ததை அவர் விடவில்லை.

மை விஷயத்தில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. மை போட்டால் கண் பெரிதாகாது. கடையில் விற்கும் சில மைகளிலும் சுர்மாவிலும் ஈயம் இருந்தது பல நாடுகளில் சோதித்துக் கண்டுபிடிக்கப்பட்டது, குழந்தை உடம்பில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது. வீட்டில் விளக்கெண்ணெய் விளக்கேற்றிப் பிடித்த மையில் ஈயம் இல்லாமல் இருக்கலாம், கரித்தூள் இருக்கிறது, தீட்டும் விரலின் நகம் இருக்கிறது. திருஷ்டிக்கு என்றால் கன்னத்தில் ஒரு பொட்டு, உள்ளங்காலில் ஒரு பொட்டு. அதற்குமேல் எந்தக் கண்ணேறும் கேட்காது.

இந்தப் பழைய தரப்பை மறுக்கிறவர்கள் எல்லாம் என் பக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். புதிய தரப்பு ஒன்று இருக்கிறது. அது சூடு என்ற இடத்தில் அலர்ஜி என்று சொல்கிறது, பாலுக்குப் பதில் மெடிக்கல் கடையில் சொட்டு மருந்து வாங்குகிறது. கண் அரிப்பு அலர்ஜி என்பது பெரும்பாலும் பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளின் நோய். தூசிக்கும் மகரந்தத்துக்கும் உடம்பு பகை கொள்ள, அவற்றோடு பல மாதங்கள் பழகியிருக்க வேண்டும். மூன்று மாதக் குழந்தைக்கு அது அரிது. அந்த வயதில் குழந்தை கண்ணைத் தேய்த்தால் முதலில் நினைக்க வேண்டியது தூக்கம். கன்னத்தில் சொரசொரவென்று கரப்பான் படை இருந்தால் அந்த அரிப்புக்காகத் தேய்க்கும். ஒரே கண்ணைத் திரும்பத் திரும்பத் தேய்த்தால் இமைமயிர் உள்ளே மடங்கியிருக்கலாம், தூசி ஒட்டியிருக்கலாம், தன் நகத்தாலேயே கீறிக்கொண்டிருக்கலாம்.

கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் "சிவப்பு போற மருந்து" பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. சிவப்பு மறுநாளே வடிந்துவிடும், அதனால்தான் அந்த மருந்துக்கு அவ்வளவு பேர். தொடர்ந்து விட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைக் கெடுக்கும், புரை விழும், கருவிழியில் கிருமிப் புண் இருந்தால் அதை வளர்த்துவிடும். ரத்தக் குழாயைச் சுருக்கிச் சிவப்பைப் போக்கும் வேறு வகைச் சொட்டு மருந்து, கைக்குழந்தையை அளவுக்கு மீறி மயங்கித் தூங்க வைத்து மூச்சையே மெதுவாக்கிவிடக் கூடியது. அண்ணனுக்குப் பள்ளியில் மெட்ராஸ் ஐ வந்தபோது வாங்கிய குப்பியில் மீதி இருக்கிறது என்று தங்கச்சிக்கு விடும் வீடுகள் ஏராளம். திறந்த குப்பி ஒரு மாதத்துக்குமேல் ஆகாது என்பது அதன் மேலேயே அச்சிட்டிருக்கிறது.

அப்படியென்றால் இந்த ஊரில் பச்சைக் குழந்தையின் கண்ணை உறுத்துவது என்ன? கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்தால் போதும், உடம்புக்குள் போய்ச் சூட்டைத் தேட வேண்டியதில்லை.

குளிப்பாட்டும் நேரத்தையே பாருங்கள். பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் குப்புறப் போட்டு வெந்நீர் ஊற்றுகிறாள். பயத்தமாவு நெற்றியிலிருந்து வழிந்து புருவத்தில் இறங்குகிறது. துடைத்து எடுத்ததும், தணல் மேல் சாம்பிராணியைத் தூவி, கூடையைக் கவிழ்த்து, அந்த வெண்புகைக்கு மேலேயே குழந்தையைப் பிடித்துக் காட்டுகிறாள். குழந்தை கண்ணை இறுக மூடிக்கொண்டு வீறிடுகிறது. அரைமணி நேரம் கழித்து கண் சிவந்திருந்தால், "பாத்தியா, எவ்வளவு சூடு" என்று அதே பாட்டி சொல்கிறாள். தலை காய வேண்டும் என்பதற்கு ஒரு பருத்தித் துண்டு போதும்.

பங்குனி, சித்திரையில் இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறக்கும். போடி இலவம்பஞ்சுக்குப் பெயர்போன ஊர். பஞ்சு அடிக்கும் கொட்டகைகளை ஒட்டிய தெருக்களில் கொடியில் காயும் குழந்தைத் துணியில்கூட அந்த மெல்லிய இழை ஒட்டியிருக்கும். அதே பஞ்சில் தைத்த, உறை நைந்த தலையணையில்தான் குழந்தையைக் கிடத்துகிறோம். ஆனி, ஆடியில் மேற்கு மலை இடுக்கு வழியாக இறங்கும் காற்று கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கப் புழுதியைக் கிளப்பும். இவற்றோடு விறகடுப்புப் புகை, கொசுவர்த்திச் சுருள், அப்பாவின் பீடி.

இவை எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஏலத்தோட்டத்து மருந்தைப் பற்றி. போடி, தேவாரம், கம்பம் பக்கத்திலிருந்து விடியுமுன் ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகின்றன. ஏலச்செடி த்ரிப்ஸ் பூச்சிக்கும் தண்டு துளைக்கும் புழுவுக்கும் ஆளாகிற பயிர். அதற்குக் குயினால்பாஸ் வகைப் பூச்சிமருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள். அடித்த செடிகளுக்குள் குனிந்து நாள் முழுக்கக் காய் எடுத்த பெண், சேலைக்கு மேல் போட்ட அதே சட்டையோடு, தலையில் கட்டிய அதே துண்டோடு சாயங்காலம் வீட்டுப் படி ஏறுகிறாள். மார்பு கனத்து வலிக்கிறது. குழந்தை அவள் குரல் கேட்டுக் கத்துகிறது. கையைக்கூடக் கழுவாமல் தூக்கி அணைக்கிறாள், குழந்தை அந்தச் சட்டையில் முகத்தைப் புதைத்துத் தேய்க்கிறது. இந்த வகை மருந்து கண்ணில் பட்டால் நீர் கொட்டும், கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கும். தோட்டத்து லயத்திலேயே தங்கும் குடும்பங்களுக்கு மருந்துச் சாரல் காற்றில் வாசல் வரைக்கும் வரும்.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண்களுக்குக் குறையாமல் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்று எழுதிவைத்தது. சிறு தோட்டங்களுக்கும் தினமும் ஜீப்பில் வந்து போகிற கூலிக்காரிகளுக்கும் அந்த எழுத்து எட்டவேயில்லை. ஜீப் ஏறும் முன் கைகால் கழுவத் தண்ணீர், ஒரு சோப்பு, சட்டையைக் கழற்றி வைக்க ஒரு மறைவு: ஒரு தோட்டத்துக்காரர் இதைச் செய்ய ஏலக்காய் விலை ஏற வேண்டியதில்லை. போடியில் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் நடக்கும்போது ஒவ்வொரு லாட்டின் காய்க்கும் நிறம் பார்க்கிறார்கள், அளவு பார்க்கிறார்கள். காயை எடுத்தவளின் குழந்தைக்குக் கண் சிவந்தால் மட்டும் சூடு. இந்தச் சொல் அடுப்புப் புகையையும் பூச்சிமருந்தையும் தோட்டக் கணக்குப்பிள்ளையையும் ஒரே வீச்சில் விடுதலை செய்துவிட்டு, மாம்பழம் தின்ற தாயைப் பிடித்துக்கொள்கிறது.

வீடு சேர்ந்ததும் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவி, சட்டையும் சேலையும் மாற்றி, மார்பைத் துடைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். தோட்டத்துத் துணியைக் குழந்தைத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். பீளை இருந்தால், கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் சுத்தமான பஞ்சை நனைத்து, மூக்கோரத்திலிருந்து காதுப் பக்கமாக ஒரே இழுப்பு. அந்தப் பஞ்சைத் தூர எறிந்துவிட்டு அடுத்த இழுப்புக்கு வேறு பஞ்சு, மற்ற கண்ணுக்கு வேறு பஞ்சு. இதைப் பாட்டிமார் ஈரத்துணியால் பழைய காலத்திலிருந்தே செய்கிறார்கள், அந்த மட்டில் அவர்கள் சரி. நீர் வடிந்துகொண்டே இருக்கும் குழந்தைக்கு, கிரிக்ளர் என்ற மருத்துவர் 1923இலேயே விவரித்த ஒரு நீவல் உண்டு. நகம் வெட்டிய விரல்நுனியை மூக்குக்கும் கண்ணோரத்துக்கும் நடுவில் வைத்து, அழுத்தி, மூக்கின் பக்கவாட்டில் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஐந்து பத்து முறை, நாளைக்கு மூன்று நான்கு தடவை. நர்ஸம்மாவிடமோ மருத்துவரிடமோ ஒருமுறை நேரில் பார்த்துக் கற்றுக்கொண்டு செய்யுங்கள். ஒரு வயதுக்குப் பிறகும் திறக்காத குழாயை மெல்லிய கம்பி விட்டுத் திறக்கும் சிறு சிகிச்சை இருக்கிறது. அரசு மருத்துவமனையில் பிரசவித்த தாய்மாருக்கு 2015 முதல் கொடுத்த குழந்தைப் பரிசுப் பெட்டகத்தில் நகவெட்டியும் கை கழுவும் திரவமும் இருந்தன. குழந்தைக் கண்ணுக்கான வைத்தியத்தில் பெரும் பங்கு அந்த இரண்டிலேயே அடங்கியிருக்கிறது.

எப்போது காத்திருக்கக் கூடாது? முதல் மாதத்தில் சீழோ இமை வீக்கமோ வந்தால் அன்றைக்கே போக வேண்டும். வெள்ளை விழி சிவந்து போனால், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், கண்மணிக்குள் வெள்ளையாக மின்னினால், மூக்கோரத்தில் உருண்டையாக வீங்கிச் சிவந்தால், காய்ச்சலோடு சுணங்கினால் அன்றைக்கே. பூச்சிமருந்து பட்டது தெரிந்தால் முதலில் கால்மணி நேரம் சுத்தமான தண்ணீரைக் கண்ணில் ஓடவிட்டு, பிறகு நேராக மருத்துவமனை.

இன்னொன்று இருக்கிறது, அதை நம் ஊர் கொண்டாடுகிறது. "எம்புட்டு அழகான பெரிய கண்ணு!" வெளிச்சத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பி, இமையை இறுக்கி, நீர் வடித்துக்கொண்டே இருக்கும் குழந்தையின் கண் நாளுக்கு நாள் பெரிதானால், அது பிறவிக் கண் அழுத்த நோயாக இருக்கக்கூடும். பிறந்த குழந்தையின் கருவிழி சுமார் 10 மில்லிமீட்டர் அகலம். ஒரு வயதுக்குள் 12ஐத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும். ஆந்திரத்தில் 3,300 பிறப்புக்கு ஒரு குழந்தைக்கு இந்த நோய் இருந்ததாகக் கணக்கெடுத்தார்கள், மேலைநாடுகளைவிட இது அதிகம். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் இது கூடுதலாக வரும். மாமன் மகளையும் அக்கா மகளையும் கட்டும் நம் பக்கத்துக்கு இது அந்நியமான செய்தி இல்லை. போடிக் கிடங்குகளில் உட்கார்ந்து ஏழு மில்லிக் காயையும் எட்டு மில்லிக் காயையும் பார்வையாலேயே பிரிக்கிற பெண்களுக்கு, மடியில் கிடக்கும் குழந்தையின் ஒரு கண் மற்றதைவிடப் பெரிதா, மங்கலா என்று கண்டுபிடிக்க யாரும் பாடம் எடுக்க வேண்டாம். சூடு என்ற முடிவோடு பார்ப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணைப் பார்த்தாலே போதும்.

கடைசியாக வரும் ஆட்சேபம் காசு. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும், மலைமேல் இருப்பவளுக்கு ஜீப் கூலியும் சேரும். உண்மை. அதனால்தான் எல்லாப் பீளைக்கும் ஓடச் சொல்லவில்லை. ஓட வேண்டியவை எவை என்று மேலே சொன்னேன். அவற்றுக்குப் போடியிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது, 15 கிலோமீட்டர் தள்ளித் தேனியில் 1985 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது, கானாவிலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே போனதும் எந்தக் கண், எந்த நாளிலிருந்து, அதில் இதுவரை என்னென்ன விட்டோம் என்ற மூன்றையும் சொல்லிவிட வேண்டும். மூன்றாவதைத் தாய்மார் மறைக்கிறார்கள், ஏனென்றால் சொன்னால் பத்துப் பேர் முன்னால் திட்டு விழுகிறது. அப்படித் திட்டுகிற மருத்துவர்களோடும் எனக்கு வழக்கு உண்டு. திட்டுக்குப் பயந்து ஒருத்தி சொல்லாமல் விட்ட இலைச்சாறு, கருவிழிப் புண்ணுக்குக் காரணம் பாக்டீரியாவா பூஞ்சையா என்று தேடுகிறவரைத் தவறான மருந்தின் பக்கம் திருப்பிவிடும்.